காலையில் இருக்கும் கால் மாலையில் இருப்பதில்லை: எம்.எஸ். உள்ளவர் பொழுதை எப்படிப் பிரிப்பது?

மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., உள்ள ஒருவரிடம் "உங்களால் எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வராது. எந்த நேரத்தில், அதற்கு முன் என்ன வேலை செய்திருக்கிறேன், முந்தின இரவு தூங்கினேனா, வெளியே வெயில் எப்படி என்று அவர் திருப்பிக் கேட்பார். மழுப்புகிற மாதிரித் தோன்றும். உண்மையில் அதைவிட நேர்மையான பதில் அவரிடம் இல்லை.

காலை ஏழு மணிக்குப் பார்க்காமலே சட்டைப் பொத்தானைப் போட்ட விரல்கள், மாலை ஐந்து மணிக்கு அதே பொத்தானின் விளிம்பைப் பிடிக்கத் திணறும். நடக்கக் கிளம்பினால் போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி வரும்போது ஒரு பக்கச் செருப்பின் நுனி தரையில் உரசத் தொடங்கும். காலுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்கு அது கேட்டுவிடும். அப்புறம் அந்தப் பக்க முழங்கால் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். இடுப்பைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்க வேண்டிவரும். பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் கால் ஓரளவு திரும்பக் கிடைக்கும். ஆனால் இரண்டாம் முறை உரசல் முன்பைவிடச் சீக்கிரமே வந்துவிடும்.

ஒரே நாளுக்குள் இப்படி ஏறி இறங்கும் வலுவை வைத்துக்கொண்டு பொழுதை எப்படி ஓட்டுவது என்பதற்கு ஐந்தாறு யோசனைகள் புழக்கத்தில் இருக்கின்றன. கனமான வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடு என்பார் ஒருவர். நாள் முழுக்கப் பரப்பிச் செய், நடுநடுவே ஓய்வெடு என்பார் இன்னொருவர். உடம்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள், உடற்பயிற்சி செய், டாக்டரிடம் மாத்திரை கேள், தடியைக் கையில் எடு என்று மற்றவர்கள். எல்லாமே யாரோ ஒருவருக்குப் பலித்தவைதான், அதனால்தான் தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இருக்கிறது. என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வலு எதைப் பார்த்து இறங்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கடிகாரத்தையா, வெப்பத்தையா, செய்த வேலையின் அளவையா, நேற்றைய இரவையா? அது தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக ஆகிவிடும். தெரியாமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குருட்டாம்போக்குத்தான்.

உணரும் அசதி வேறு, தசை காட்டும் தளர்ச்சி வேறு

எம்.எஸ். உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்கு, சில கணக்கெடுப்புகளில் அதற்கும் மேல், அசதி ஒரு நிரந்தரத் தொல்லை. உடம்பு முழுக்க ஈயத்தை ஊற்றியதுபோல் கனக்கும் அந்த உணர்வு ஒரு பக்கம். ஒரு தசையைத் தொடர்ந்து வேலை வாங்கும்போது அதன் வலு அளந்து பார்க்கும்படி குறைவது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தே வரும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

2002இல் வந்த ஓர் ஆய்வில், எம்.எஸ். உள்ளவர்களின் நடையைக் காலையிலும் பிற்பகலிலும் அளந்தார்கள். பிற்பகலில் அசதி கூடியிருப்பதாக அவர்கள் சொன்னார்கள். நடையின் வேகமோ அடியின் நீளமோ பெரிதாக மாறவில்லை. 2012இல் பல மையங்களில் நூற்றுச் சொச்சம் பேரை வைத்து ஒரே நாளின் வெவ்வேறு நேரங்களில் நடக்கவிட்டுப் பார்த்தபோதும் கதை அதேதான். அசதி மாறியது, நடக்கும் திறன் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

இதைப் படித்துவிட்டு "பார்த்தாயா, எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டு விலகுங்கள். சராசரிக்குள் தனி மனிதர் மறைந்துபோவார் என்பது ஒன்று. இன்னொன்று, சோதனைக்கு வருகிறவர் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுச் சில நிமிடம்தான் நடக்கிறார். அந்தச் சில நிமிடத்துக்கு அதிக முயற்சி போட்டு அவரால் ஈடுகொடுத்துவிட முடியும். எம்.எஸ். உள்ளவர் விரலை அசைக்கும்போதுகூட மூளையின் அதிகமான பகுதிகள் வேலை செய்வதை ஸ்கேன் படங்கள் காட்டியிருக்கின்றன. அதே தூரத்தைக் கடக்க அவர் கொடுக்கும் விலை அதிகம்; அந்த விலைதான் அசதியாகத் தெரிகிறது என்று கருதுகிறார்கள்.

முடிவெடுப்பதற்கு இதிலிருந்து கிடைக்கும் ஒரு பயன் உண்டு. மாலையில் உங்களுக்கு வருவது எது என்று வீட்டிலேயே தோராயமாகப் பார்த்துவிடலாம். சமதளமான இடத்தில், பக்கத்தில் ஆள் துணையோடு, 6 நிமிடம் நடங்கள். முதல் நிமிடத்தில் கடந்த தூரத்தையும் ஆறாம் நிமிடத்தில் கடந்த தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாம் நிமிடத்தில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதை நடையில் வரும் தசைத் தளர்ச்சி என்று ஆய்வாளர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். நோய் இல்லாதவர்கள் கடைசி நிமிடத்தில் வேகத்தைக் கூட்டுவதுதான் வழக்கம். இதையே ஒரு காலையிலும் ஒரு மாலையிலும் செய்து பாருங்கள். இரண்டு வேளையும் ஒரே மாதிரி குறைந்தால் உங்கள் கால் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வேலையின் அளவைத்தான் பார்க்கிறது. காலையில் வேகம் குறையாமல், மாலையில் மட்டும் சரிந்தால் வேறு கதை.

ஏன் இப்படி ஆடுகிறது

மூளையிலிருந்து தசைக்குப் போகும் நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. எம்.எஸ். நோயில் உடலின் எதிர்ப்பு மண்டலமே அந்த உறையை அரித்துவிடுகிறது. உறை போன இழையிலும் செய்தி போகும். ஆனால் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் நிலையில் போகும். அடுத்தடுத்து வேகமாகச் செய்தி அனுப்பச் சொன்னால் சில சறுக்கிவிடும். தசைக்கு வரும் கட்டளை இப்படிக் குறைந்துகொண்டே போவதால்தான் நடந்து திரும்பும்போது செருப்பு உரசுகிறது. தசை தன்னளவில் களைத்துப்போவதைவிட, மேலிருந்து உத்தரவு வராமல் போவதே இங்கே பெரிய பங்கு.

வெப்பம் இதை இன்னும் மோசமாக்கும். உடலின் வெப்பம் கூடும்போது நரம்பிழையில் சோடியம் வாசல்கள் சீக்கிரம் மூடிக்கொள்கின்றன. செய்தியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் மின்னோட்டம் குறைகிறது. உறையுள்ள இழைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. உறை போன இழைக்கு அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே போதும், வழி அடைத்துக்கொள்ளும். 1890இல் வில்ஹெல்ம் உட்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், உடலை வருத்தி உழைத்தபிறகு சிலருக்குப் பார்வை மங்குவதை எழுதிவைத்தார். காரணம் உழைப்பு என்று அவர் நினைத்தார். உழைப்பு கிளப்பிய வெப்பம்தான் காரணம் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஸ்கேன் வராத காலத்தில், சந்தேகமுள்ளவரைச் சுடுநீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்த்துக்கூட நோயைக் கணித்திருக்கிறார்கள்.

நம் உடம்பின் வெப்பம் தானாகவே நாளுக்குள் அரை டிகிரி முதல் ஒரு டிகிரிவரை ஏறி இறங்குகிறது. விடியலுக்கு முன் மிகக் குறைவு, பிற்பகலிலிருந்து முன்மாலைக்குள் உச்சம். பலர் சொல்லும் மூன்று மணிச் சரிவுக்கும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் தெம்பு வருகிறது என்பதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

இவற்றோடு நோய்க்கு வெளியே இருந்து வருபவையும் சேரும். இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுந்தவருக்கு மறுநாள் கால் கனக்காமல் என்ன செய்யும்? தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபென், டிசானிடின் போன்ற மாத்திரைகள் இறுக்கத்தோடு வலுவையும் சேர்த்துக் குறைக்கலாம். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது நன்றாகத் தெரியும். இன்டர்ஃபெரான் ஊசி போட்டவருக்கு அடுத்த சில மணி நேரம் காய்ச்சல் போல அடிக்கும், மறுநாள் பாதி போய்விடும். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாம் இதே வேடத்தில் வரும். முதலில் இவற்றைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இவற்றுக்கு நேரடி வைத்தியம் இருக்கிறது.

காலையிலேயே முடிப்பதா, பரப்பிச் செய்வதா

பெரும்பாலானோர் உண்மையில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறார்கள். மற்ற யோசனைகளெல்லாம் இந்த முடிவின் மேல் ஏற்றிக்கொள்பவை.

காலையில் முடிக்கும் முறைக்கு ஒரு கவர்ச்சி உண்டு. தலை தெளிவாக இருக்கிறது, உடம்பு குளிர்ந்திருக்கிறது, கால் சொன்னபடி கேட்கிறது. குளிப்பது, சமைப்பது, வெளியே போய் வருவது, அலுவலகத்தின் கடினமான வேலை எல்லாவற்றையும் பன்னிரண்டு மணிக்குள் தள்ளிவிட்டால் பிற்பகல் சரிந்தால் சரிந்துவிட்டுப் போகட்டும். வலு உண்மையிலேயே கடிகாரத்தைப் பின்பற்றுகிறவருக்கு, அதுவும் நேரத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் வேலையில் இருப்பவருக்கு, இது நன்றாகவே உதவும்.

ஆனால் இது சம்பளம் வந்த அன்றே மாதச் செலவு முழுவதையும் செய்துவிடுவது மாதிரி. வேலை அளவைப் பின்பற்றி இறங்கும் காலுக்குக் காலை பத்து மணியே மாலை ஆகிவிடும். அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் பிற்பகல் சரிவுக்கு நேரத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு இருப்பார். காலையில் நிற்காமல் மூன்று மணி நேரம் ஓடியதுதான் காரணம் என்பது கடைசிவரை தெரியாது. மறுநாளும் கடன் தொடரும். ஒரு நாள் எல்லாம் செய்து, இரண்டு நாள் படுத்து, மறுபடி எழுந்ததும் விட்டதைப் பிடிக்க ஓடி, மறுபடி படுத்து என்று ஒரு சுழல். இந்தச் சுழலில் சிக்கியவர்களிடம் எப்போதுமே "நல்ல நாள்" என்ற பேச்சு இருக்கும். அந்த நல்ல நாள்தான் அடுத்த கெட்ட நாளை உண்டாக்குகிறது.

இன்னொரு குறையைப் பலர் சொல்வதில்லை. வீட்டில் மற்றவர்கள் திரும்பி வருவது, பிள்ளைகளோடு பேசுவது, நண்பர்கள் கூப்பிடுவது எல்லாம் மாலையில். காலையில் பாத்திரத்துக்கும் துணிக்கும் வலுவைக் கொடுத்துவிட்டு மாலையில் மனிதர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் இருப்பது சரியான கணக்குத்தானா? எனக்குச் சந்தேகம்தான். தவிர, காலை எல்லோருக்கும் நல்ல நேரமும் அல்ல. எழுந்தவுடன் கால் இரும்புக் கம்பியாக விறைத்திருக்கும் சிலருக்குப் பத்து மணிக்கு மேல்தான் உடம்பு இளகும்.

பரப்பிச் செய்வது பார்க்கச் சுலபம், கடைப்பிடிக்கக் கடினம். இதன் உயிர்நாடி ஒன்றே ஒன்று: களைப்பதற்கு முன்னால் உட்கார வேண்டும். செருப்பு எட்டாம் நிமிடத்தில் உரசுமென்றால் ஐந்தாம் ஆறாம் நிமிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். உரசிய பிறகு உட்கார்ந்தால் திரும்பிவர நேரம் அதிகம், திரும்பிவரும் அளவும் குறைவு. 6 நிமிடம் ஒரே மூச்சில் நடப்பதையும், அதையே 2 நிமிடம் வீதம் மூன்றாகப் பிரித்து நடுவில் உட்கார்ந்து நடப்பதையும் ஒப்பிட்ட சிறிய ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. நடந்த நேரம் ஒன்றுதான். பிரித்து நடந்தபோது அசதி குறைவாக ஏறியது.

கஷ்டம் எங்கே என்றால், ஐந்தாம் நிமிடத்தில் உட்காரும்போது உடம்பு நன்றாகத்தான் இருக்கும். நன்றாக இருக்கும்போது உட்காரச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்? பக்கத்தில் இருப்பவர் "இப்பத்தானே உட்கார்ந்தே?" என்பார். அதனால் உணர்வை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். டைமர் வைத்துவிட்டு, அடித்தால் உட்காருங்கள். காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்வது, மாடி ஏறும் வேலைகளைச் சேர்த்து ஒரே தடவையில் முடிப்பது, சுடுநீர்க் குளியலைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும். காலையில் நீராவி சூழ நின்று குளித்துவிட்டு, ஒன்பது மணிக்கே கால் போய்விட்டது என்று அலுத்துக்கொள்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இந்தத் திறமையைக் கற்றுக்கொடுக்கும் ஆறு வார வகுப்புகள் இருக்கின்றன. அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்றுவிக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் நடத்துவார்கள். 2005இல் 169 பேரை வைத்து நடந்த ஆய்வில், வகுப்புக்குப் போனவர்களின் அன்றாட வாழ்க்கையில் அசதியின் பாதிப்பு குறைந்திருந்தது. பத்துப் பக்கம் படித்துத் தெரிந்துகொள்வதற்கும் ஆறு வாரம் குழுவோடு பழகுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. "நன்றாக இருக்கும்போதே உட்காருவது" தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல, பழகும் விஷயம்.

இரண்டில் ஒன்று என்றால் நான் பரப்பிச் செய்வதைத்தான் சொல்வேன். அதற்குள் காலையின் நல்லதையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குக் கட்டாயம் ஆக வேண்டிய ஒரே ஒரு கனமான வேலையைக் காலையில் வைத்து, அதன் இரு பக்கமும் ஓய்வைப் போட்டுவிடுங்கள். இரண்டாவது கனமான வேலையைக் காலையில் நுழைக்கும் ஆசைதான் எதிரி.

குளிர்ச்சி

எம்.எஸ். உள்ளவர்களில் 60 முதல் 80 சதவீதம் பேருக்கு வெப்பம் ஒத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு இருக்கும் வழிகளிலேயே உடனடியாகப் பலன் தெரிவது இதுதான். மருந்துச் சீட்டும் வேண்டியதில்லை.

நாசாவின் விண்வெளி உடைத் தொழில்நுட்பத்திலிருந்து வந்த குளிரூட்டும் அங்கியை 84 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003இல் வெளியானது. நன்றாகக் குளிர்விக்கும் அமைப்பையும் லேசாக மட்டும் குளிர்விக்கும் அமைப்பையும் ஒப்பிட்டார்கள். நடையிலும் பார்வையிலும் சிறிய முன்னேற்றம் கிடைத்தது. ஒரு மாதம் தினமும் ஒரு மணி நேரம் அணிந்த காலத்தில் அசதி குறைந்ததாகச் சொன்னார்கள். "சிறிய" என்பதைக் கவனியுங்கள். அங்கி யாரையும் ஓடவைத்துவிடவில்லை.

பனிக்கட்டி வைக்கும் ரக அங்கி கனமானது, பைகளை உறையவைத்துச் செருக வேண்டும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் உருகிவிடும். நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிவதற்கானது அல்ல. வெளியே கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் உடம்பைக் குளிர்வித்துக்கொள்வது, நடக்கும்போது ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது, கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துணி வைப்பது போன்றவற்றை முதலில் பார்த்துவிடலாம். வெப்பமான அறையில் சைக்கிள் மிதிக்கவைத்த ஓர் ஆய்வில், வெதுவெதுப்பான நீரைக் குடித்தபோது தாக்குப்பிடித்ததைவிட மிகக் குளிர்ந்த நீரைக் குடித்தபோது அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். இந்தச் சின்ன வழிகளில் பலன் தெரிந்தால் அப்புறம் அங்கியைப் பற்றி யோசிக்கலாம். தெரியாவிட்டால் அங்கிக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

ஒரு எச்சரிக்கை. குளிர் பட்டால் தசை இறுக்கம் கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வழி எதிராகவே வேலை செய்யும்.

உடற்பயிற்சி

மற்றவை எல்லாம் இருக்கும் வலுவைப் பங்கிடுபவை. மொத்தத்தையே கூட்டக்கூடியது இது ஒன்றுதான். ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் பலருக்கு எரிச்சல் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. மாலையில் எழுந்து நிற்கவே முடியாதவரிடம் உடற்பயிற்சி செய் என்றால் என்ன சொல்வார்?

ஒரு காலத்தில் மருத்துவர்களே வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். களைப்பும் வெப்பமும் நோயைக் கிளறிவிடும் என்ற பயம். 1996இல் வந்த 15 வாரப் பயிற்சி ஆய்வு அந்தப் பயத்தை உடைத்ததில் முக்கியமானது. பயிற்சி செய்தவர்களின் உடல் தகுதி கூடியது, நோய் மோசமாகவில்லை. இப்போது லேசான, நடுத்தரமான பாதிப்புள்ளவர்களுக்கு 2013இல் வந்த கனடா வழிகாட்டுதல் சொல்வது இவ்வளவுதான்: வாரம் இரண்டு முறை 30 நிமிடம், நடை, சைக்கிள் போன்ற மிதமான ஏரோபிக் பயிற்சி, வாரம் இரண்டு முறை தசை வலுப் பயிற்சி. தினமும் அல்ல, மூச்சு முட்டவும் அல்ல.

பயிற்சி முடிந்ததும் கால் குழையலாம், கண் மங்கலாம். உடம்பு குளிர்ந்ததும், பெரும்பாலும் அரை மணி ஒரு மணி நேரத்தில், பழைய நிலைக்கு வந்துவிடும். அது சேதம் இல்லை, வெப்பம். அடுத்த நாளும் தொடர்ந்தால் அளவு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். வலு இறங்கியிருக்கும் வேளையில் செய்யக் கூடாது என்பது தெரிந்ததுதான். அதோடு அன்றைய கனமான வேலைக்கு முன்னாலும் செய்யாதீர்கள். பயிற்சி நாளில் பயிற்சியே அந்தக் கனமான வேலை. வேலைக்குப் போகும் நாள்களில் இதைச் செருகப் பார்த்துத்தான் பலர் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். இன்று மாலைக்கு உதவாது. அதனால் இதைத் தனித் தேர்வாக வைக்காமல், பங்கிடும் முறை ஒன்று கைவந்த பிறகு அதன் மேல் ஏற்றிக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மாத்திரை

இதில் இரண்டு ரகம் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அசதிக்கென்று கொடுக்கப்படுபவை அமன்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட். மூன்றையும், மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் 141 பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. மூன்றில் எதுவும் வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை. பக்கவிளைவுகள் மட்டும் கூட இருந்தன. 2024இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு மொடாஃபினிலையும், எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தொலைபேசி வழியாக நடத்தியதையும், இரண்டும் சேர்ந்ததையும் ஒப்பிட்டது. மூன்று பிரிவிலும் அசதி குறைந்தது, ஒன்றையொன்று மிஞ்சவில்லை. வெறும் மாத்திரை கொடுத்த பிரிவு அதில் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு தனி மனிதருக்கு மொடாஃபினில் உதவவே உதவாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் முதல் படியாக மாத்திரையைக் கேட்பதற்கு இதில் ஆதாரம் போதவில்லை என்பதே என் கணிப்பு.

மற்ற ரகம் ஃபாம்பிரிடின். இது அசதிக்கானது அல்ல, நடைக்கானது. உறை போன இழையில் திறந்து கிடக்கும் பொட்டாசியம் வாசல்களை அடைத்து, செய்தி கசிந்து வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 2010இல் அனுமதி கிடைத்தது. 10 மில்லிகிராம், 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. பெரிய ஆய்வுகளில் சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் தொடர்ந்து பலன் அடைந்தார்கள். அப்படிப் பலன் அடைந்தவர்களின் நடை வேகம் சராசரியாக கால் பங்கு கூடியது. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு முதல் நான்கு வாரம் சாப்பிட்டு, முன்னும் பின்னும் நடையை அளந்து, பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். வலிப்பு வந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இது கூடாது. அளவைக் கூட்டினால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகச் சாப்பிடவே கூடாது.

புது மாத்திரை தேடுவதற்கு முன் பழைய மாத்திரையைப் பாருங்கள். பேக்லோஃபென் வேளையைக் கொஞ்சம் நகர்த்தியதிலேயே பதினோரு மணிச் சரிவு போனவர்கள் இருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்டுத்தான் நகர்த்த வேண்டும், சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

தடி

இதை யாரும் ஒரு தேர்வாகவே நினைப்பதில்லை, தோல்வியாக நினைக்கிறார்கள். பாதம் தொங்குகிறவருக்குக் கணுக்காலைத் தூக்கிப் பிடிக்கும் தாங்கியோ, தடியோ, நீண்ட தூரத்துக்குச் சக்கர நாற்காலியோ ஒவ்வோர் அடிக்கும் ஆகும் செலவைக் குறைக்கிறது. காலையில் தேவையில்லாமல் மாலையில் மட்டும் தேவைப்படுவதுதான் மனசை உறுத்தும். "காலையில் நன்றாகத்தானே நடந்தாய்" என்ற பார்வை வேறு. பிற்பகலுக்கு மட்டும் தடி என்பது முழுக்க நியாயமான ஏற்பாடு. மடக்கும் தடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

எப்படி முடிவு செய்வது

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் அசதிக்கு 10க்கு எவ்வளவு, காலுக்கு 10க்கு எவ்வளவு என்று தனித்தனியாக இரண்டு எண். பக்கத்தில் தூக்கம், வெயில், மாத்திரை வேளை, அதற்கு முன் செய்த வேலை. நீண்ட டைரி வேண்டாம், அதுவே ஒரு வேலை ஆகிவிடும்.

அப்புறம் படித்துப் பாருங்கள். ஓய்வாக இருந்த நாளிலும் மூன்று மணிக்குச் சரிந்தால், வேலையைக் காலைக்கு நகர்த்துவதில் பொருள் இருக்கிறது. ஓய்வு நாளில் சரியவில்லை, வேலை நாளில் மட்டும் சரிகிறது என்றால் பரப்பிச் செய்யுங்கள். வெயில் நாளுக்கும் குளிர்ந்த நாளுக்கும் எண்கள் தூரமாக நின்றால் குளிர்ச்சிக்கு முதலிடம். எல்லா வேளையும் மோசம், காலையில் எழும்போதே மோசம் என்றால் தூக்கத்தையும் ரத்தப் பரிசோதனையையும் மனநிலையையும் பார்க்காமல் வேறெதிலும் இறங்காதீர்கள். அசதி எண் ஏறிக் கால் எண் அப்படியே இருந்தால் ஃபாம்பிரிடினைவிட ஆறு வார வகுப்பும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பொருத்தமானவை. இரண்டு மாற்றங்களை ஒரே சமயத்தில் செய்யாமல் ஒவ்வொன்றாகச் செய்தால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.

நாளுக்குள் ஏறி இறங்குவதையும் நோயின் புதிய தாக்குதலையும் பிரித்துப் பார்க்கவும் இந்த நோட்டு உதவும். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிய அறிகுறியோ பழையதன் தெளிவான மோசமோ 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் நின்றால் அது தாக்குதலாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஓய்வெடுத்ததும், குளிர்ந்ததும் போய்விடுவது வேறு. சிறுநீர்த் தொற்று வந்தாலும் கால் திடீரென்று விழுந்துவிடும், அதையும் சோதித்துவிடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும் நேரத்தையும் யோசித்து வாங்குங்கள். காலை பத்து மணிக்கு, காத்திருப்பு நாற்காலியில் முக்கால் மணி நேரம் இளைப்பாறிவிட்டு, உள்ளே போய் எட்டு மீட்டர் நடந்து காட்டினால் அவர் "நடை நன்றாக இருக்கிறது" என்றுதான் எழுதுவார். அவர் பார்த்தது அதுதான். பிற்பகல் நேரம் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் உள்ளே போவதற்கு முன் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடந்துவிட்டு, உரசும் செருப்போடு நேரே உள்ளே போங்கள்.